வயிற்று டயாலிசிஸ்: ஏழு வருஷம் தாண்டியவன் சொல்வது

அம்பாசமுத்திரம் பக்கம் அரிசிக்கடை வைத்திருக்கிறேன். சிஏபிடி, அதாவது வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று டயாலிசிஸ், ஆரம்பித்து ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குக் கை கழுவுவது, மாஸ்க் போடுவது, ஃபேனை அணைப்பது பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. நாலைந்து வருஷம் ஓட்டினவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் குறைவு. நான் அவர்களுக்காக எழுதுகிறேன். இந்த முறையில் பையிலிருக்கும் நீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் ஏற்றி, சில மணி நேரம் வைத்திருந்து, கழிவோடு வடித்துவிடுவோம். வடிகட்டி நம் வயிற்றின் உள்சவ்வுதான், பெரிட்டோனியம் என்பார்கள். வருஷம் ஆக ஆக அதில் தழும்பு விழும். வலிக்காது, காய்ச்சல் வராது. முதலில் தெரிவது வடிகிற தண்ணீரின் அளவில்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு நாலு பை, ஒவ்வொன்றும் 2 லிட்டர், மாற்ற அரைமணி நேரம், மீதி நேரம் கடையில். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போனால், கார்க் கண்ணாடியை ஏற்றி ஏசியை அணைத்து, மேலே கைப்பிடியில் பையை மாட்டி, வேர்த்து ஊற்ற ஊற்ற மாற்றிவிட்டுப் பொங்கலுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ரோடெல்லாம் துண்டானபோது ஹீமோ, அதாவது ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ், போகிறவர்கள் தவித்துப்போனார்கள். எனக்கு அந்த மாசத்துப் பெட்டிகள் மச்சில் இருந்தன. கரண்ட் இல்லாததால் வெதுவெதுப்பாக்காமலே ஏற்றினேன். வயிறு சில்லிட்டு லேசாகப் பிடித்தது, அவ்வளவுதான். வாழைப்பழமும் சாப்பிடலாம் என்றார் டாக்டர், ஹீமோக்காரர்கள் பலருக்கு அது எட்டாக்கனி. (உங்கள் பொட்டாசியத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்.)

இனி சவ்வுக்கு வருவோம்.

பையில் இருப்பது சர்க்கரைத் தண்ணீர். அந்தச் சர்க்கரைதான் ரத்தத்தில் மிஞ்சிய நீரை வயிற்றுக்குள் இழுக்கிறது. நான் வாங்கும் பையில் 1.5 சதவீதத்துக்கு மஞ்சள், 2.5க்குப் பச்சை, 4.25க்குச் சிவப்பு. சிவப்புப் பை ஒன்றில் மட்டும் கிட்டத்தட்ட 85 கிராம் சர்க்கரை. நீரை இழுக்கும் அதே சர்க்கரைதான் சவ்வையும் கெடுக்கிறது. பையைச் சூட்டில் கிருமி நீக்கும்போது சர்க்கரை சிதைந்து சில வேண்டாத பொருட்கள் உண்டாகின்றன. சாதாரணப் பைகளில் அமிலத்தன்மையும் கூடுதல். சவ்வின் மேல் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள் இவற்றில் தினமும் ஊறி உதிர்கின்றன, சில செல்கள் குணம் மாறித் தழும்பு நாரை உண்டாக்கும் வகையாகிவிடுகின்றன. அடியில் கொலாஜன் படிந்து சவ்வு தடிக்கிறது. 2002இல் வெளியான பெரிய திசு ஆய்வு ஒன்றில், நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அந்த அடிப்பகுதி 50 மைக்ரான், எட்டு வருஷத்துக்கு மேல் வயிற்று டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு 700 மைக்ரான். டயாலிசிஸே ஆரம்பிக்காத சிறுநீரக நோயாளிகளுக்கும் 140 இருந்தது. ஆகப் பழி முழுவதையும் பையின் மேல் போட முடியாது, நோயே கொஞ்சம் வேலையை முன்கூட்டிச் செய்துவிடுகிறது.

தடித்துப்போனால் எதுவுமே உள்ளே போகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. தழும்போடு சேர்ந்து புதிய ரத்தக்குழாய்களும் முளைக்கின்றன. வரப்பு முழுக்க எலிவளை விழுந்த வயலில் தண்ணீர் நிற்காத மாதிரி, ஏற்றின சர்க்கரை ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்துக்குள் ஓடிவிடுகிறது. இழுக்க ஆள் இல்லாததால் நீர் வெளியே வருவதில்லை. ஆனால் கழிவு நன்றாகவே கடக்கும். இதுதான் ஏமாற்றும் இடம். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு மோசமில்லை, கால் மட்டும் வீங்கும், ராத்திரி தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லும். கிரியேட்டினினை மட்டும் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று அனுப்பிவைத்த ஒரு இடத்தை விட்டுவிட்டுத்தான் இப்போது பாளையங்கோட்டையில் வேறொருவரிடம் காட்டுகிறேன்.

அங்கே டயாலிசிஸ் சிஸ்டர் ரிப்போர்ட்டைத் தொடவே மாட்டார். “அண்ணாச்சி, மொதல்ல நோட்டக் குடுங்க” என்பார். ஏற்றின அளவு, பையின் நிறம், வடிந்த அளவு, எடை, பிரஷர். கடைக்காரனுக்குக் கணக்கு எழுதுவது ஒரு பாரமா? ஒரே நிறப் பையை, வருஷா வருஷம் ஒரே மாசத்தில் எடுத்து ஒப்பிடுவார். கோடையில் வேர்வையிலேயே நீர் போய்விடும் என்பதால் மாசம் மாறினால் கணக்கு ஏமாற்றும், அது அவர் சொல்லிக் கொடுத்தது. முன்பு பச்சைப் பை முன்னூறு நானூறு மில்லி கூடுதலாகக் கொண்டுவரும். அது இருநூறானது, பிறகு ஏற்றின ரெண்டு லிட்டரே திரும்பி வந்தால் போதும் என்றானது. நான் அன்றாடக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் ஒரு நாளும் கண்ணில் பட்டிருக்காது, அவ்வளவு மெதுவாகக் குறைந்தது.

வடிவது குறைந்தால் உடனே தழும்பு என்று பயப்படவும் வேண்டாம். அவர்கள் முதலில் கேட்டது “வயிறு போகுதா?” என்றுதான். மலச்சிக்கல் இருந்தாலே குழாய் அமுங்கி வடிவது குறையும். அடுத்து எக்ஸ்ரே எடுத்துக் குழாயின் நுனி இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். வெள்ளை நூல் மாதிரி ஃபைப்ரின் அடைத்தாலும் இப்படி ஆகும், அதற்கு ஹெப்பாரின் என்ற உறைதல் தடுக்கும் மருந்து போடுவார்கள். சிறுநீர் சுத்தமாக நின்றுபோயிருந்தால், சவ்வு அப்படியே இருக்க நமக்குத்தான் நீர் சேரும். இதெல்லாம் இல்லை என்ற பிறகுதான் பெட் டெஸ்ட்: பச்சைப் பையை ஏற்றி 4 மணி நேரம் வைத்து, வடிந்ததையும் ரத்தத்தையும் ஒப்பிடுவது. சிவப்புப் பையை வைத்து 4 மணி நேரத்தில் 400 மில்லிக்குக் குறைவாகக் கூடுதல் வந்தால், சவ்வு நீர் இழுக்கும் வேலையில் தோற்றுவிட்டது என்று கணக்கு. எனக்கு அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

சிவப்புப் பையைப் பற்றி என் அபிப்பிராயம்: அது கடன். கல்யாண வீட்டில் ரெண்டு தம்ளர் பாயசம் குடித்துவிட்டு ராத்திரி ஒரு சிவப்பைப் போட்டால் காலையில் எடை இறங்கிவிடும், சவ்வு அதற்கு வட்டி கட்டும். அதைவிட உப்பைக் குறைப்பது மலிவு. எங்கள் வீட்டில் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் நின்றதும் தாகம் குறைந்தது, சிவப்புப் பை பெட்டியிலேயே கிடந்தது. வயிற்றில் கிருமித் தொற்று வருவதும் சவ்வைச் சீரழிக்கும். கலங்கலாக வடிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், பையோடு அன்றைக்கே போங்கள்.

இப்போது எனக்கு ராத்திரி நீண்ட நேரம் உள்ளே கிடக்கும் பையாக ஐகோடெக்ஸ்ட்ரின் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரைக்குப் பதில் பெரிய மாவுச்சத்து மூலக்கூறு, எளிதில் ரத்தத்துக்குள் ஓடாது, காலை வரை நீரை இழுக்கும். விலைதான் கண்ணைக் கட்டும். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சிஏபிடி பைகளை வீட்டுக்கே தருகிறார்கள், ஆனால் என்ன வகைப் பை என்பதை உங்கள் மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐகோடெக்ஸ்ட்ரின் பை போடுகிற சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: சில குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகள் இதனால் சர்க்கரையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆளே மயங்கிவிடுவார். எந்த ஸ்ட்ரிப் ஒத்துவரும் என்று சிஸ்டரிடம் எழுதி வாங்குங்கள்.

டாக்டர் இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது பின்னால் ஹீமோவுக்கு ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பது, போட்டுவிட்டார். அது முதிர மாசக்கணக்கு ஆகும் என்பதால் இப்போதே. “இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே டாக்டர்” என்றேன். “ஓட்டலாம் அண்ணாச்சி, ஆனா ஓடாதன்னைக்கு ரெடியா இருக்கணும்லா” என்றார். அவர் சொன்ன இன்னொரு காரணம் பயமுறுத்தியது. அபூர்வமாகச் சிலருக்கு, பெரும்பாலும் பல வருஷம் போட்டவர்களுக்கு, தழும்பு கெட்டிப்பட்டுக் குடலையே கூடு கட்டி இறுக்கிவிடும். குடல் அசையாது. சாப்பிட்டால் வாந்தி, எடை இறக்கம், வயிறு உப்புதல், சில சமயம் ரத்தம் கலந்து வடிதல். ஸ்டீராய்டு, டமாக்சிஃபென், கடைசியில் ஆபரேஷன் என்று வைத்தியம் உண்டு, ஆனாலும் உயிருக்கு ஆபத்துதான். சவ்வு தடித்த எல்லாருக்கும் இது வராது.

வயிற்று டயாலிசிஸை நிறுத்தி ஹீமோவுக்கு மாறின பிறகும், கிட்னி மாற்றின பிறகும் இது தலைகாட்டலாம். அப்போது பார்க்கிற டாக்டர் புது ஆளாக இருப்பார், குழாயும் எடுத்திருப்பார்கள், குழாய் இருந்த இடத்துத் தழும்பு சின்னதாகத்தான் தெரியும். அடிக்கடி வாந்தியும் வயிற்று உப்புசமும் என்று போனால், எத்தனை வருஷம் சிஏபிடி போட்டீர்கள் என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் ஆரம்பித்த தேதியை எழுதி, பையனிடமும் காட்டி வைத்திருக்கிறேன்.