வாடகைக் காரில் மாநிலம் விட்டு மாநிலம்: சொந்த ஈசி பாஸா, நிறுவனத்தின் டோல் திட்டமா?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வாடகைக் கார் எடுத்து நெடும்பயணம் போகும்போது கார் வாடகை, காப்பீடு, பெட்ரோல், விடுதி என எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறோம். சுங்கக் கட்டணத்தை மட்டும் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். சாவடியில் ஆள் உட்கார்ந்து காசு வாங்கிய காலத்தில் அது போதுமானதாக இருந்தது. மாசசூசெட்ஸ் டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலை 2016இல் சாவடிகளையே அகற்றிவிட்டுச் சாலைக்கு மேலே இரும்பு வளைவுகளில் உணர்கருவிகளையும் கேமராக்களையும் பொருத்தியது. பென்சில்வேனியா டர்ன்பைக்கும் நியூயார்க் த்ருவேயும் 2020இல் ரொக்கத்தைக் கைவிட்டன. நியூ ஜெர்சியையும் நியூயார்க்கையும் இணைக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலமும் லிங்கன் சுரங்கப்பாதையும் 2022இல் அதே வழிக்கு வந்தன. பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் காரை எடுத்துச் சம்னர் சுரங்கப்பாதை வழியாக நகருக்குள் நுழைந்தால், சாவியை வாங்கிய சில நிமிடங்களில் முதல் கட்டணம் பதிவாகிவிடும். ஆகவே எப்படிக் கட்டுவது என்ற முடிவைக் கார் எடுப்பதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

வழிகள் முக்கியமாக இரண்டு. வாடகை நிறுவனம் காரோடு தரும் டோல் திட்டத்தை ஏற்றுக்கொள்வது ஒன்று. நம் பெயரில் உள்ள டிரான்ஸ்பாண்டரை, அதாவது சாலையின் உணர்கருவி படித்து நம் கணக்கிலிருந்து சுங்கக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ள உதவும் ஈசி பாஸ் டேக் என்ற சிறு பெட்டியை, கையோடு கொண்டுபோய் வாடகைக் காரில் பொருத்துவது மற்றொன்று. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் சொந்த டேக்கின் பக்கமே நிற்கிறேன். அதற்குக் காரணம் பண மிச்சம் மட்டுமன்று. ஆனால் சொந்த டேக்கின் நன்மை முழுவதும் ஒரே ஒரு கவனத்தைப் பொறுத்திருக்கிறது என்பதால், அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படும். நம் ஊர் பாஸ்டேக் வண்டியோடு கட்டப்பட்டது. கண்ணாடியில் ஒட்டியதைப் பிய்த்து இன்னொரு வண்டியில் வைக்க முடியாது, வாடகை வண்டி எடுத்தால் அதன் உரிமையாளரின் டேக்கில்தான் பணம் போகும். ஈசி பாஸ் பெட்டி அப்படிக் கட்டப்பட்டதன்று. அது கணக்கு வைத்திருப்பவருக்கு உரியது. ஒரே வகையைச் சேர்ந்த வண்டியாக இருந்தால், கணக்கில் அந்த வண்டியின் பதிவெண்ணைச் சேர்த்துவிட்டு எதில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வழக்கத்தை மனத்தில் வைத்து, வாடகைக் காரில் வேறு டேக் வைப்பது முறைகேடு என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் தேவையில்லை.

முதலில் நிறுவனத்தின் திட்டம். ஹெர்ட்ஸில் பிளேட்பாஸ், ஏவிஸிலும் பட்ஜெட்டிலும் ஈ-டோல், என்டர்பிரைஸ் குழுமத்தில் டோல்பாஸ் என்று பெயர்கள் வேறுபட்டாலும் அமைப்பு ஒன்றுதான். காரின் கண்ணாடியில் ஒரு பெட்டி இருக்கும், அல்லது காரின் பதிவெண் நேரடியாகத் திட்டத்தில் பதிவாகியிருக்கும். நாம் தனியாக எதிலும் கையெழுத்திட வேண்டியதில்லை. முதல் டோலைக் கடந்ததுமே திட்டத்தில் சேர்ந்துவிட்டதாகப் பொருள். டோல் தொகையோடு, நாளுக்கு இவ்வளவு என்று ஒரு சேவைக் கட்டணமும் விதிக்கப்படும். நிறுவனத்தையும் மாநிலத்தையும் பொறுத்து அது ஏறத்தாழ 4 டாலரிலிருந்து 10 டாலர் வரை அமைகிறது. ஒரு வாடகைக் காலத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் பெரும்பாலும் உண்டு. கவனிக்க வேண்டியது அந்த நாள் எப்படி எண்ணப்படுகிறது என்பதே. டோல் கட்டிய நாள்களுக்கு மட்டுமா, அல்லது ஒருமுறை கட்டிவிட்டால் வாடகைக் காலம் முழுமைக்குமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்க வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தில் டோலே கிடையாது. நாள் முழுவதும் அங்கே சுற்றினாலும் முதல் வகைத் திட்டத்தில் செலவில்லை, இரண்டாம் வகையில் உண்டு.

இதைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பல ஒப்பந்தங்களில் டோல் தொகையே தள்ளுபடி இல்லாத உயர்ந்த விகிதத்தில் வசூலிக்கப்படும் என்று எழுதியிருக்கும். பென்சில்வேனியா டர்ன்பைக்கில் ஈசி பாஸ் விகிதத்துக்கும், பதிவெண்ணைப் படம் பிடித்து அனுப்பும் பில்லின் விகிதத்துக்கும் ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு உண்டு. நியூ ஜெர்சியிலிருந்து பிட்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்வருகிற தமிழர்கள் அந்த நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓட்டுகிறார்கள். அந்த ஒரு பயணத்தில் மட்டுமே நாள் கட்டணத்தைவிட விகித வேறுபாடு பெரிதாகிவிடும்.

இந்தத் திட்டங்களைப் பற்றிய மனக்குறை புதிதன்று. கோல்டன் கேட் பாலம் 2013இல் ரொக்கத்தை நிறுத்திய பிறகு, அதைக் கடந்த வாடகைக் கார் ஓட்டுநர்களிடம் பிளேட்பாஸ் கட்டணம் முறையாக விளக்கப்படாமல் வசூலிக்கப்பட்டதாக சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் 2017இல் ஹெர்ட்ஸ் மீதும் திட்டத்தை நடத்திய நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். 2019இல் 36.5 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

எதையும் ஏற்காமல், பில் தபாலில் வரட்டும் என்று இருப்பது மூன்றாவது வழிபோலத் தோன்றும். வாடகைக் காரில் அது தனி வழியே இல்லை. பதிவெண்ணின் உரிமையாளர் வாடகை நிறுவனம் என்பதால் பில் அங்கேதான் போகும்; அவர்கள் அதைக் கட்டிவிட்டு, நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்து நம் அட்டையில் எடுத்துக்கொள்வார்கள்.

இனிச் சொந்த டேக். மாசசூசெட்ஸில் கருவி இலவசம். 20 டாலர் முன்பணம் போட்டால் போதும். நியூயார்க்கில் முன்பணம் 25 டாலர். இந்த முன்பணம் கட்டணமன்று, நாம் கட்டப்போகும் டோலிலேயே கழிந்துவிடும் பணம். ஒரு வாரப் பயணத்தில் ஐந்து நாள் டோல் கட்டினால், நாளுக்கு 7 டாலர் வைத்து நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணமாக மட்டும் 35 டாலர் போகும். அதைவிடக் குறைந்த தொகையில் பல ஆண்டுகளுக்கான கருவியும் கணக்கும் கையில் இருக்கும். மேய்ன் முதல் வட கரோலினா வரையிலும், மேற்கே ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய் வரையிலும் ஒரே பெட்டி செல்லும். 2021 முதல் புளோரிடா டர்ன்பைக்கிலும் செல்கிறது.

எந்த மாநிலத்தின் டேக் என்பதும் ஓரளவு முக்கியம். நியூயார்க் த்ருவேயிலும் நியூயார்க் நகரில் எம்டிஏ என்ற போக்குவரத்து ஆணையம் நடத்தும் பாலங்களிலும் நியூயார்க் டேக் வைத்திருப்பவருக்கே குறைந்த விகிதம். வெளிமாநில ஈசி பாஸ் வைத்திருப்பவர் கூடுதலாகத்தான் கட்டுகிறார். மாசசூசெட்ஸிலும் அந்த மாநில டேக்குக்குத் தனித் தள்ளுபடி உண்டு. ஆகவே அடிக்கடி ஓட்டுவது எங்கே என்று பார்த்து, அந்த மாநிலத்தில் கணக்குத் தொடங்குவது நல்லது.

இப்போது நான் முதலில் சொன்ன அந்தக் கவனத்துக்கு வருகிறேன். வாடகைக் காரின் பதிவெண்ணை நம் ஈசி பாஸ் கணக்கில், தொடக்க நேரமும் முடிவு நேரமும் குறித்துச் சேர்ப்பதுதான் அது. டேக்கைக் கண்ணாடியில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலான நேரம் போதும். ஆனால் வளைவுக்குக் கீழே போகும்போது டேக் படிக்கப்படாமல் போனால் கேமரா எடுத்த படத்திலிருந்து பதிவெண் பார்க்கப்படும். அந்த எண் நம் கணக்கில் இருந்தால் கட்டணம் நம் கணக்கிலேயே கழிக்கப்பட்டு விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் பில் வாடகை நிறுவனத்துக்குப் போய், நாம் தவிர்க்க நினைத்த அதே சேவைக் கட்டணத்தோடு திரும்பி வரும். சொந்த டேக் வைத்திருந்தும் இரண்டு பக்கமும் பணம் போயிற்று என்று நான் கேள்விப்பட்ட புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் இந்த ஒரு படியில்தான் இருந்தது.

ஆகவே நிறுத்துமிடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கைபேசியில் கணக்கைத் திறந்து எண்ணைச் சேர்த்துவிட வேண்டும். பதிவு மாநிலத்தைச் சரியாகத் தேர்வது மிக முக்கியம். நியூ ஜெர்சியில் எடுத்த வாடகைக் காரில் புளோரிடா அல்லது டெக்சஸ் நம்பர் பிளேட் இருப்பது சாதாரணம், எண் சரியாக இருந்து மாநிலம் மாறியிருந்தால் கணினிக்கு அது வேறு கார். சுழியத்தையும் ஓ என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, பிளேட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து உள்ளிடுவது என் வழக்கம். அந்தப் படம் பின்னால் வேறு வகையிலும் உதவும். நடுவழியில் கார் பழுதாகி மாற்றித் தந்தால், பழைய எண்ணின் முடிவு நேரத்தைக் குறித்துவிட்டுப் புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும். பயணக் களைப்பில் எளிதாக விட்டுப்போகும் படி இதுதான்.

காரைத் திருப்பிக் கொடுத்தவுடன் முடிவு நேரத்தைக் குறிப்பதும் அதே அளவு முக்கியம். அதைச் செய்யாவிட்டால் அடுத்து அந்தக் காரை எடுப்பவர் கடக்கும் டோல்கள் நம் கணக்கில் விழும். சில கட்டணங்கள் பல நாள் தாமதமாகவே கணக்கில் வரும் என்பதால், எண்ணை முன்னதாக நீக்கினால் அவை விட்டுப்போகுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. வளைவைக் கடந்த நேரம்தான் பார்க்கப்படுகிறது, கணக்கில் ஏறிய நேரமன்று. திருப்பிக் கொடுத்த நேரம் அச்சிட்ட ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். சில வாரங்களுக்குப் பிறகு நிறுவனத்திடமிருந்து டோல் பில் வந்தாலும், அதே இடம், அதே நேரம் காட்டும் ஈசி பாஸ் அறிக்கையையும் பிளேட்டின் படத்தையும் அனுப்பினால் வழக்கு நம் பக்கம் உறுதியாக நிற்கும். நிறுவனத் திட்டத்தில் இத்தகைய ஆதாரம் எதுவும் நம் கையில் இருப்பதில்லை; அவர்கள் அனுப்பும் பட்டியலையே நம்ப வேண்டியிருக்கிறது. நான் சொந்த டேக்கை விரும்புவதற்குப் பணத்தைவிட இதுவே வலுவான காரணம்.

டேக்கைப் பொருத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகே ஒட்டுப்பட்டையால் ஒட்ட வேண்டும். டாஷ்போர்டில் கிடத்தி வைத்தால் படிப்பது உறுதியில்லை. வாடகைக் காரில் ஏற்கெனவே நிறுவனத்தின் பெட்டி இருந்தால், அதன் மூடியைத் தள்ளி முழுவதுமாக மூடிவிட வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் எது படிக்கப்படும் என்று சொல்ல முடியாது. டேக்கை நம் சொந்தக் காரிலிருந்து எடுத்துக்கொண்டு போனால், வீட்டில் இருப்பவர் அந்தக் காரை டேக் இல்லாமல் டோலில் ஓட்ட நேரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதே கணக்கில் இரண்டாவது டேக் வாங்கிப் பயணத்துக்கென்றே ஒதுக்கி வைப்பது நிம்மதியானது.

மன்ஹாட்டனுக்குள் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரி 5 முதல் 60ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் கார்களுக்கு நெரிசல் நேரத்தில் ஈசி பாஸ் இருந்தால் 9 டாலர், இல்லாவிட்டால் 13.50 டாலர். சாவடி எதுவும் கண்ணில் படாது என்பதால், டைம்ஸ் சதுக்கம் பார்க்கப் போனவருக்குக் கட்டணம் விழுந்ததே தெரியாது. நிறுவனத் திட்டத்தில் அந்த நாளும் டோல் நாளாக எண்ணப்பட வாய்ப்புண்டு.

நிறுவனத் திட்டம் பொருந்துகிற இடங்களும் உண்டு. டோலையும் உள்ளடக்கி நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாங்கும் திட்டத்தை எடுத்துக்கொண்டு, நாள்தோறும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தையும் வெரசானோ பாலத்தையும் கடக்கிறவருக்கு அதுவே மலிவாக முடியக்கூடும். ஊரிலிருந்து சில நாள்களுக்கு மட்டும் வந்து, இங்கே முகவரியோ வங்கி அட்டையோ இல்லாதவருக்குக் கணக்குத் தொடங்கும் அலைச்சலைவிட அந்தச் சேவைக் கட்டணம் பரவாயில்லை. ஆர்லாண்டோவுக்கு வருகிறவர்கள் என்றால், விமான நிலையத்திலேயே வாடகைக் கார்களுக்கென்று விசிட்டர் டோல் பாஸ் என்ற, கண்ணாடியில் தொங்கவிடும் அட்டை இலவசமாகக் கிடைக்கிறது. புளோரிடாவுக்குள் மட்டும் சுற்றுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

மேற்குப் பக்கம் என் அனுபவம் குறைவு என்பதால் அங்கே இதே உறுதியோடு பேச மாட்டேன். 2012இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் நான்கு ஆண்டுகளில் நாடெங்கும் மின்னணு டோல் முறைகள் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்று சொன்னது, அது நிறைவேறவில்லை. டெக்சஸ், ஓக்லஹோமா, கான்சஸ் டேக்குகள் தங்களுக்குள் செல்லும், ஈசி பாஸ் அங்கே உதவாது. கலிபோர்னியாவின் டோல் டேக்கான பாஸ்ட்ராக் தனி உலகம். சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தை ஒருமுறை மட்டும் கடக்கப் போகிறவர், கடப்பதற்கு 30 நாள் முன்பிருந்து கடந்த 48 மணி நேரம் வரை, காரின் பதிவெண்ணைக் கொடுத்து இணையத்தில் நேரடியாகவே கட்டிவிடலாம். நகரை நோக்கித் தெற்கே வரும்போது மட்டுமே அங்கே கட்டணம்.