ஏரிக்கரையா, உப்பங்கழியா, கண்மாய்க் குன்றா: மூன்று கிராவல் சைக்கிள் வழிகள்

கிராவல் என்ற சொல் சைக்கிள் கடைகளுக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே தமிழ்நாட்டுக் கிராமங்களில் டிப்பர் லாரியிலிருந்து இறங்கிவிட்டது. வீட்டுமனையை மேடாக்கவும் வண்டிப்பாதையைச் சீர்செய்யவும் கொட்டப்படும் சரளை கலந்த செம்மண்ணுக்கு நம்மவர் வழங்கும் பெயர் அதுதான். அகலமான டயர், வளைந்த கைப்பிடி, டிஸ்க் பிரேக் ஆகியவற்றைக் கொண்ட கிராவல் சைக்கிளுக்கு உகந்த மண்ணும் அதுவே. ஆனால் நீர்நிலைகளை ஒட்டிச் செல்லும் வழிகளில் அந்த மண் எங்கும் கிடைத்துவிடுவதில்லை. நீரும் சிறு குன்றும் ஒருங்கே வேண்டும் என்று விரும்புவோர் முன்னே உள்ள மூன்று வழிகளை, அழகை வைத்து அல்லாமல் முதலில் மண்ணை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, மதுராந்தகத்தில் தொடங்கி வேடந்தாங்கல், கரிக்கிலி வழியாக உத்திரமேரூர் சென்று திரும்பும் ஏரி வழி. இரண்டாவது, மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கழுவேலி என்னும் உப்பங்கழியின் மேற்கே வானூர்ச் செம்மண் மேட்டில் ஏறித் திருவக்கரையை அடையும் வழி. மூன்றாவது, மதுரைக்கு அருகே ஒத்தக்கடையில் யானைமலை அடியில் புறப்பட்டு, திருவாதவூர், கீழவளவு, மேலூர் வழியாக அரிட்டாபட்டியில் முடியும் கண்மாய் வழி. மூன்றிலும் தார்ச்சாலையை முற்றிலும் தவிர்க்க இயலாது; ஊர்களை இணைக்கும் சிறு சாலைகளுக்கு நடுவே கரைகளும் வண்டித்தடங்களும் வந்து போகும்.

சிக்கல் பருவத்தில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் இந்த நீர்நிலைகளை நிரப்புகிறது. பறவைகளும் அந்த நீரை நம்பியே வருகின்றன. அதே வாரங்களில்தான் கரைகளும் வயல்வழிகளும் சேறாகிக் கிடக்கின்றன. வேடந்தாங்கல் வழியில் ஏரிப்பாசன வயல்களின் களிமண் மழைக்காலத்தில் டயருக்கும், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் என்ற கவைக்கும் இடையே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாமல் நிறுத்திவிடும். நாற்பது மில்லிமீட்டர் டயர் போட்டிருக்கிறோம் என்ற தெம்பு அங்கே உதவாது. அகலம் கூடக்கூட மண் அடைத்துக்கொள்ளும் இடைவெளி குறைகிறது என்பதே உண்மை. கழுவேலியில் இரண்டு மண்கள் உள்ளன: தாழ்வில் உப்பேறிய சேறு, மேட்டில் நீரை விரைந்து வடிக்கும் செம்மண். மேலூர்ப் பக்கமோ, பாறை சிதைந்து உருவான பருமணல் கலந்த செம்மண் ஆதலால் மழை விட்ட ஓரிரு நாளில் தடம் இறுகிவிடுகிறது. கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் உட்பகுதியில், இறங்கினால் அங்கும் களிதான். கரைமேல் நிற்கும்வரை கவலையில்லை.

நீர்க்காட்சியில் வேடந்தாங்கலை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. சரணாலயத்தின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே. அந்தச் சிறிய ஏரியில், நீரில் நிற்கும் மரங்கள்மேல் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் அடுக்கடுக்காகக் கூடு கட்டுவதைக் கரையில் நின்றபடியே பார்க்கலாம். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை ஊரார் தலைமுறைகளாக அறிந்திருந்ததால், பாதுகாப்பு அங்கே சட்டத்துக்கு முன்பே வழக்கமாக இருந்தது. 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ் அதற்கு ஏற்பளித்தார் என்பது பதிவு. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கரிக்கிலி 61 ஹெக்டேர் பரப்புடையது. கூட்டம் குறைவு என்பதால் சைக்கிள்காரருக்கு அதுவே மேல். இரண்டும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. சரணாலயக் கரைமேல் சைக்கிளை ஓட்டலாம் என்று எண்ணிச் செல்ல வேண்டாம். வாசலில் நிறுத்திவிட்டு நடப்பதே முறை.

கழுவேலி இதற்கு நேர்மாறு. 5,000 ஹெக்டேருக்கும் மேலான அந்த உவர்நீர்ப் பரப்பு 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் தென்பட்டாலும் தொலைவில் ஒரு வெளிர் கோடாகவே தென்படும். இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமல் சென்றால் ஏமாற்றம்தான். மேலூரில் கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளைத் தேடக்கூடாது. அங்கே நீரின் அழகு, நிறைந்த கண்மாயில் மொட்டைப் பாறை தலைகீழாகத் தெரிவதிலும் மிகைநீர் வெளியேறும் கலுங்கில் நீர் வழிவதிலும் இருக்கிறது. முல்லைப் பெரியாறு நீரில் ஒருபோகம் விளையும் பகுதி ஆதலால், கால்வாய் ஓடும் மாதங்களில் வழி நெடுகப் பச்சையும் கூடவே வரும்.

குன்று என்று பார்த்தால் வேடந்தாங்கல் வழி தோற்றுவிடுகிறது. ஏரிக்கரை ஏறுவதே அங்கே ஏற்றம். வானூர் மேடு சில பத்து மீட்டர் உயரமே என்றாலும், மழை அரித்த ஓடைகள் குறுக்கிடுவதால் கால்களுக்கு வேலை உண்டு. முடிவில் திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் காத்திருக்கின்றன. மேலூர் வழியில் சைக்கிள் குன்றின்மேல் ஏறுவதில்லை, குன்றுகளைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறி இறங்குகிறது. அரிட்டாபட்டியின் ஏழு குன்றுகளும் அவற்றின் மடியில் உள்ள நீர்நிலைகளும் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாயின. தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் குடைவரைச் சிவன் கோயிலும் ஒரே ஊரில் இருக்க, மேலே வல்லூறு வட்டமிடுகிறது. 2024இல் இப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டதும், ஊர் ஊராக மக்கள் எதிர்த்த பின் 2025 ஜனவரியில் அது கைவிடப்பட்டதும் நினைவிருக்கலாம். அந்தத் தடங்களில் சைக்கிள் ஓட்டும்போது அது வெறும் செய்தியாகத் தோன்றுவதில்லை.

தொல்லைகளில் முதலிடம் சீமைக் கருவேல முள்ளுக்கு. மூன்று வழிக்கும் பொது. துளையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் டயர் இல்லாதவர் இரண்டு டியூபாவது எடுத்துச்செல்ல வேண்டும். திருவக்கரைச் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரி லாரிகள் எழுப்பும் புழுதி பெருந்தொல்லை. கீழவளவுப் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குழிகள் நீர் நிறைந்து கண்ணைக் கவரும். விளிம்பு செங்குத்து என்பதால் அருகே செல்லலாகாது. கழுவேலியில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று வலுக்கிறது. கடற்கரையை நோக்கித் திரும்புவோர் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டே மிதிக்க வேண்டியிருக்கும்.

எனவே என் வரிசையில் மேலூருக்கே முதலிடம். நீரும் குன்றும் ஓடத்தக்க தடமும் ஒரே மாதத்தில், டிசம்பரிலேயே, சேர்ந்து கிடைப்பது அங்கு மட்டும்தான். சென்னையிலிருந்து ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடிந்தவர் வேடந்தாங்கல் வழியை ஜனவரி கடைசி வாரம்வரை தள்ளிப்போடட்டும்: அப்போது களிமண் பெரும்பாலும் காய்ந்திருக்கும், கூடுகளில் குஞ்சுகளும் இருக்கும். கழுவேலியைப் பிப்ரவரிக்குப் பின் வைத்துக்கொண்டு, விடியலில் மரக்காணத்தில் தொடங்கி மேற்கே சென்று, திண்டிவனத்தில் முடித்துவிட்டால் எதிர்க்காற்றிலிருந்து தப்பலாம். வீடு சேர்ந்த அன்றே செயினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடத் தவறினால், உப்பளத்துக் காற்று மறுவாரமே துருவாகத் தெரியும்.