ஏற்காடு ஏற்றத்தில் நின்ற வாடகைக் கார்: என் இரண்டு வருட அனுபவம்

எனக்குச் சொந்தக் கார் இல்லை. இரண்டு வருடமாக, ஆப் வழியாக யாராவது ஒருவரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். சேலத்திலிருந்து மேட்டூர், நாமக்கல், தர்மபுரி என்று பத்துத் தடவை போனதில் ஒரு குறையும் இல்லை. பதினோராவது பயணம் ஏற்காட்டுக்கு.

கோரிமேட்டில் காலை ஏழு மணிக்கு வண்டியை வாங்கினேன். சுற்றி வந்து போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றினேன். கீறல், நெளிவு, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் பதிவாகிவிட்டன. கிளட்ச் மட்டும், பெடலிலிருந்து காலை முக்கால்வாசி எடுத்த பிறகுதான் பிடித்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை நெரிசல், வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏற வேண்டியிருந்தது. பதினான்காவது வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி ஏறவில்லை. தீய்ந்த வாடை உள்ளே வந்தது. பின் சீட்டில் அம்மாவும் அப்பாவும். வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியதும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த டெம்போக்காரர் குதித்து ஓடிவந்து, ஓரத்தில் கிடந்த கல்லைப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

உதவி எண்ணில், ஆள் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். உரிமையாளரை அழைத்தேன்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு தம்பி. நீங்க ஆஃப் கிளட்ச்லயே ஏத்தியிருப்பீங்க.”

“இல்லீங்கண்ணா, எடுக்கும்போதே மேலதான் பிடிச்சுது.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

பதில் இல்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், மாதத் தவணை கட்டுகிறவர். மலையில் ஆஃப் கிளட்ச்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே ஓட்டினால், நல்ல கிளட்ச் பிளேட்டே கருகும் என்பதும் உண்மைதான். ஆனால் மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, “ரிவெட் வரைக்கும் தேஞ்சிருக்கு சார், இது ஒரு நாள்ல தேயாது” என்றார். அந்தப் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பிய பிறகும், 5,000 ரூபாய் முன்பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது. வெளியே தெரிவதற்குத்தான் போட்டோ சாட்சி. மலையில் கைவிடுவது உள்ளே இருப்பது.

அதைவிடப் பெரிய பயம் அப்புறம்தான் புரிந்தது. நான் ஓட்டியது வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான நம்பர் பிளேட். நாமே ஓட்டுவதற்கு முறைப்படி வாடகைக்கு விடும் கார் என்றால் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸில், வாடகைக்கு விட்டால் பொருந்தாது என்ற நிபந்தனை உண்டு. அன்று வண்டி நழுவி டெம்போவில் இடித்திருந்தால், சேதத்துக்கு யார் பணம் கட்டுவது? பத்துப் பயணத்திலும் நான் கேட்காத கேள்வி இது.

இப்போது கறுப்பு போர்டு வண்டியா என்று பார்த்துத்தான் எடுக்கிறேன். சாவி வாங்கியதும் சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுவேன். இன்ஜின் உடனே அணைந்தால் சரி. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது, அந்த வண்டி வேண்டாம். ஒரு தடவை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது. கூலன்ட் அளவு, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் உரிமையாளர் முன்னாலேயே வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுகிறேன்.

ஏற்காட்டுக்கு மட்டும் டிரைவரோடு டாக்ஸிதான். பதினான்காவது வளைவு வந்தால் அம்மா இன்னும் முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.