ஓக்லஹோமா சிட்டி டவுன்டவுனில் இரண்டு இரவு: தங்கின ஹோட்டலும் மச்சானோடு போட்ட வாக்குவாதமும்

அரையாண்டு லீவில் மகளுக்கு ஓக்லஹோமா சிட்டியின் கூடைப்பந்து அணியான தண்டரின் ஆட்டம் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கார் வேண்டாம் என்று டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்தில் சாயங்காலம் ஐந்தரை மணி ரயிலைப் பிடித்தோம். இரவு ஒன்பதரைக்கு ஓக்லஹோமா சிட்டி. ஸ்டேஷனுக்கு மேற்கே கூடைப்பந்து அரங்கம், கிழக்கே பழைய செங்கல் கிடங்குகள் நிற்கும் ப்ரிக்டவுன். பெட்டியை உருட்டிக்கொண்டு ஏழு நிமிஷத்தில் ஹோட்டல் வாசலுக்கு வந்துவிட்டோம். டாக்சி தேவைப்படவில்லை. அமெரிக்காவில் பதினாறு வருஷமாக இருக்கிறேன், ரயிலை விட்டு இறங்கி நடந்தே ஹோட்டலுக்குப் போனது இதுதான் முதல் தடவை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ரயில் வந்து சேரும் நேரத்தில் ஆட்டம் முடியப் போகும். அன்றைக்கே வந்து அன்றைக்கே பார்க்க முடியாது, முதல் நாளே வந்தாக வேண்டும். திரும்பும் ரயில் காலை 8:25க்கு. ஆக இரண்டு இரவு வாடகை கட்டாயம்.

ஹோட்டல் பெயரை எழுதவில்லை. ஊருக்கு ஊர் கிளை உள்ள நடுத்தர ஹோட்டல், அவ்வளவுதான். திங்கள் இரவு 124 டாலருக்குக் கிடைத்த அதே அறை, ஆட்டம் நடந்த செவ்வாய் இரவுக்கு 261. வரி தனி. இந்த ஊரில் அறை வரி முன்பு 5.5 சதவீதம்தான். 2024 ஆகஸ்டில் மக்களிடம் ஓட்டெடுத்து 9.25 ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் விற்பனை வரியும் உண்டு. இரண்டு லிஃப்டில் ஒன்று வேலை செய்யவில்லை. ஆட்டம் முடிந்து பத்தரைக்கு வந்தால் நீல ஜெர்சி போட்ட கூட்டம் லாபி முழுக்க. இருபது நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, தூங்கி வழிந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மாடி ஏறினேன். 261 டாலர் வாங்குகிறவர்கள் லிஃப்டைச் சரிசெய்து வைக்க வேண்டும். இதில் எனக்கு நிஜமாகவே கோபம்.

இன்னொன்று, எங்கள் ஜன்னல் ரயில் பாதையைப் பார்த்தது. பாதை மேட்டில் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்குச் சரக்கு ரயில் கடந்தபோது மேஜை மேல் வைத்த தம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. வரவேற்பில் இருந்த பெண்மணி கேட்காமலேயே காதடைப்பான் கொடுத்திருந்தார், நல்ல மனசு. அறை சுத்தம், வெந்நீர், படுக்கை எதிலும் குறையில்லை.

செவ்வாய் மதியம் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், இந்த ஊரில் பதினெட்டு வருஷம். கால்வாய் ஓரம் நடக்க ஆரம்பித்ததுமே சண்டையும் ஆரம்பம். "மாப்ள, டீம் வந்ததுதான் இந்த ஊருக்கு விடிவு. டீம் இல்லைன்னா இந்த ஹோட்டல் எதுவும் இல்லை" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்டர் சியாட்டிலிலிருந்து வந்தது 2008ல். நாங்கள் நடந்த கால்வாய் 1999ல் திறந்தது, பேஸ்பால் மைதானம் 1998ல், அரங்கம் 2002ல். எல்லாமே 1993 டிசம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற, டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரியில் வந்தவை. கடன் வாங்கவில்லை, வசூலான பணத்தை வைத்தே கட்டினார்கள். கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் அணி 2005ல் தங்க இடம் தேடியபோது இங்கே அரங்கம் தயாராக இருந்தது. வீடு முதலில் எழும்பியது, குடி வந்தவர்கள் பிறகுதான் வந்தார்கள்.

மச்சான் விடவில்லை. 1991ல் யுனைடெட் விமானக் கம்பெனி பராமரிப்பு நிலையத்தை இந்த ஊருக்குத் தராமல் இண்டியானா மாநிலத்து இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்த கதையைச் சொன்னார். எவ்வளவோ சலுகை காட்டியும், எங்கள் ஆட்கள் அங்கே போய்க் குடியிருப்பார்களா என்று கம்பெனி யோசித்ததாம். அந்த அடிதான் ஒரு சென்ட் வரிக்கே விதை. "அதே இண்டியானா டீமை 2025 ஜூன் 22, ஏழாவது ஆட்டத்துல, இதே அரங்கத்துல ஜெயிச்சு கப் வாங்கினோம். நான் உள்ளே இருந்தேன் மாப்ள" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. அதற்கு மேல் கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.

அணிக்காக மாநகராட்சி கட்டும் புது அரங்க விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறாது. 2023 டிசம்பரில் 71 சதவீதம் பேர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். குறைந்தது 900 மில்லியன் டாலர் செலவில் அணி உரிமையாளர்கள் பங்கு 50 மில்லியன். அணி 2050 வரை ஊரை விட்டுப் போகாது என்பது பதிலுக்குக் கிடைத்த உறுதி. அப்படியும் உரிமையாளர்கள் பங்கு ரொம்பக் குறைச்சல். மீதி விற்பனை வரிதான், மளிகை வாங்குகிற ஒவ்வொருவரும் கொடுக்கிற காசு. மச்சானும் ஓட்டுப் போட்டவர்தான், "குடுத்தா என்ன, நம்ம டீம்" என்கிறார்.

ஹோட்டல்களும் சும்மா முளைத்துவிடவில்லை. 1911ல் திறந்த ஸ்கர்வின், 1988ல் மூடி பல வருஷம் இருண்டு கிடந்து 2007ல் மறுபடி திறந்தது. உள்ளே காபி குடித்தோம். மர வேலைப்பாடு செய்த முகப்புக் கூடத்தில் மகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பூங்காவை ஒட்டி 605 அறைகளோடு நிற்கும் ஆம்னி 2021ல் வந்தது, அதற்கு மாநகராட்சி கொடுத்த உதவி சுமார் 85 மில்லியன். மாநாட்டு மையம் பக்கத்திலேயே இருப்பதால் அந்தப் பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மாநாட்டுக்கு வருகிறவன் ஆட்டம் இல்லாத நாளிலும் அறை எடுப்பான். பக்கத்தில் 1,907 அடிக் கோபுரம் ஒன்று கட்டத் திட்டமாம், அதிலும் ஹோட்டல் வரும் என்கிறார்கள். நாங்கள் பார்த்தபோது அங்கே கார்கள்தான் நின்றன. அந்த மனையில் சாதாரண சம்பளக்காரர் குடியிருக்க நாலு மாடி வீடுகள் கட்டினாலே நான் சந்தோஷப்படுவேன். திங்கள் இரவு பத்து மணிக்கு அந்தத் தெருக்களில் எங்களைத் தவிர ஆளே இல்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தண்டர் முதல் புள்ளி எடுக்கும் வரை இங்கே யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் முன் வரிசையில் எண்பது வயசுப் பாட்டி ஒருவர் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். முதல் மூன்று முயற்சியும் தவற, அவர் உட்காரவே இல்லை. பந்து உள்ளே விழுந்ததும் திரும்பி என் மகள் கையில் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

போகிறவர்களுக்கு: டவுன்டவுனுக்குள் சுற்ற டிராம் போதும். ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்த அன்றைக்கே அறையையும் பதிவு செய்துவிடுங்கள். ரயில் பாதைக்கு எதிர்ப்பக்க அறை கேளுங்கள், கீழ் மாடியாக இருந்தால் இன்னும் நல்லது. மார்ச்சில் இன்னொரு ஆட்டத்துக்கு மச்சான் இப்போதே டிக்கெட் எடுத்துவிட்டார். அந்தத் தடவை ஸ்கர்வினில் ஒரு இரவு தங்கலாம் என்று இருக்கிறேன்.