தாட்சண்யத்துக்கு வேலி, கணக்குக்குப் பழக்கம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பாம்பனில் கருவாடு வியாபாரம் செய்யும் எனக்கு அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், மற்றபடி பாதிப் பொழுது சும்மாதான் போகும். படகுக்காரர்கள் படகைக் கரையேற்றி ஓட்டை அடைத்து வண்ணம் பூசுவார்கள். ஒரு வருடம் நானும் என் ஓட்டைகளைத் தாளில் எழுதினேன். பெரியவை இரண்டு. யார் கடன் கேட்டாலும் மறுக்க வாய் வராது. அடுத்தது கணினி: அதில் கணக்கு எழுத வேண்டும் என்றாலே ஒரு பயம்.

இவற்றைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் இருந்தன. பழகித் திருத்துவது, வேலி போடுவது, ஆள் வைப்பது. மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆள் வைப்பதுதான் சுலபம், அதனால் அதையே முதலில் செய்தேன். அக்கா மகனை வசூலுக்கு வைத்தேன். அவனிடம் கண்ணீர் எடுபடாது. இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், பாக்கியும் பாதியாகக் குறைந்தது. பிறகு அவனுக்குச் சவூதியில் வேலை கிடைத்தது. "சித்தி, எல்லாம் நோட்டில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். நோட்டில் தொகை மட்டும்தான் இருந்தது. யார் சந்தைக்கு மறுநாள் தருவார், யாரிடம் நேரில் போனால்தான் நடக்கும் என்பதெல்லாம் அவன் தலைக்குள்ளேயே போய்விட்டது. சம்பளம் கொடுத்து என் பலவீனத்தை மூன்று வருடம் மூடி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பழகுவது கணக்கு விஷயத்தில் கைகொடுத்தது. தடைக்காலத்தில் தினமும் மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். முதல் வாரம் கணினி கூட்டிக் கொடுத்த தொகையை நம்பாமல் பக்கத்தில் கால்குலேட்டரில் திரும்பக் கூட்டிப் பார்ப்பேன். ஜூனில் படகுகள் இறங்கியபோது ஆள் வாரியாகப் பாக்கியைப் பிரித்துவைக்கத் தெரிந்திருந்தது. அந்தத் தெம்பில் கடனை மறுக்கவும் பழகலாம் என்று கண்ணாடி முன் நின்று "இப்போது முடியாது" என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியிடம் நன்றாகவே வந்தது. மறுநாள் ஒருவர் "அக்கா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது" என்று தொடங்கியதும் என் கை தானாகத் தராசுப் பக்கம் போய்விட்டது.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. கணினி எனக்குத் தெரியாத வேலை, தெரிந்துகொண்டால் தீர்ந்தது. தாட்சண்யம் அப்படி இல்லை. மறுக்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும், அந்த நிமிடத்தில்தான் முடியவில்லை. தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து என்ன பயன்?

வேலி என்று நான் சொல்வது, அந்த நிமிடம் வருவதற்கு முன்பே முடிவை எடுத்து வைத்துவிடுவது. 1914-இல் திறந்த எங்கள் பழைய ரயில் பாலத்தில் பிற்காலத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். போகலாமா வேண்டாமா என்று ஓட்டுநர் யோசிக்க வேண்டியதில்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது என்று பின்னாளில் படித்தேன். "இனிமேல் கவனமாக இருப்பேன்" என்ற உறுதியைவிட, "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்ற திட்டம் அதிகம் நிறைவேறுகிறதாம்.

நான் போட்ட வேலி இது: கடன் என்ற சொல் காதில் விழுந்தால், பதில் சொல்லாமல் அவருடைய பாக்கிப் பக்கத்தைத் திறந்து முன்னால் வைப்பேன். பரமக்குடிப் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் ஒரு மூட்டை நெத்திலிக் கருவாட்டுக்கு வழக்கம்போல் "அடுத்த வாரம்" என்றார். நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். விரல் நுனியால் வரிவரியாகத் தடவிக்கொண்டே போனார், கடைசி வரியில் நின்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி வேட்டி மடிப்பிலிருந்து நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவருக்கும் வருத்தமில்லை. அடுத்த மாதமும் வந்தார்.

குறை இல்லாமல் இல்லை. சொந்தக்காரர் வந்தால் என் வேலிக்குக் கதவு முளைத்துவிடுகிறது. கொழுந்தனாருக்கு நோட்டைத் திறக்க இன்னும் கை வரவில்லை. என்றாலும் இயல்பாகவே இருக்கும் பலவீனத்துக்கு மூன்றில் இதற்குத்தான் என் ஓட்டு.

பலவீனம் தலைகாட்டும் இடத்தைவிட்டே விலகிப்போவதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் தென்கடல் கொந்தளித்தால், வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் வடகடலுக்கு மாறிக்கொள்வார்கள், வாடைக் காலத்தில் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு இரண்டு கடல் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு கடை.

தாளில் இன்னொன்று மிச்சம் இருக்கிறது: தூத்துக்குடி மொத்த வியாபாரியிடம் விலை பேசும்போது முதலில் இறங்கிவருவது நானாகவே இருக்கிறேன். இது தெரியாத வேலையா, என் இயல்பா என்று இன்னும் பிடிபடவில்லை. இப்போதைக்கு, அவர் வரும் நாளில் சவூதிக்குத் தொலைபேசி போட்டு அக்கா மகனைப் பேசச் சொல்கிறேன்.