23 லட்சம் பேர் பெரிதா, 50,000 பேர் பெரிதா?

1936-ல் ரூஸ்வெல்ட்டும் ஆல்ஃப் லாண்டனும் மோதிய அமெரிக்க அதிபர் தேர்தலில், கருத்துக்கணிப்பிலும் ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் 'லிட்டரரி டைஜஸ்ட்' வார இதழ். 1916 முதல் ஜெயிக்கப்போவது யாரென்று தவறாமல் சொல்லிவந்த பத்திரிகை. மறுபக்கம் ஜார்ஜ் காலப். அவர் கருத்துக்கணிப்பு நிறுவனம் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

தொலைபேசிப் புத்தகம், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து பெயர்களை எடுத்து, சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது டைஜஸ்ட். 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. காலப் கேட்டது சுமார் 50,000 பேரை. லாண்டனுக்கு 57% என்றது டைஜஸ்ட். ரூஸ்வெல்ட்டுக்கு 56% அளவில் என்றார் காலப். ரூஸ்வெல்ட் 61% அளவுக்கு வாங்கி, 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். 1938-ல் டைஜஸ்ட் மூடப்பட்டது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. டைஜஸ்ட் பயன்படுத்தியது போன்ற பட்டியல்களிலிருந்தே வெறும் 3,000 பேருக்கு அஞ்சலட்டை போட்டுப் பார்த்து, 'டைஜஸ்ட் ரூஸ்வெல்ட்டுக்கு 44% என்று சொல்லும்' என முன்கூட்டியே அறிவித்தார் காலப். டைஜஸ்ட் சொன்னது 43%!

டைஜஸ்ட் தோற்றதற்கு, போனும் காரும் வைத்திருந்த வசதியானவர்களை மட்டும் கேட்டதுதான் காரணம் என்பார்கள். அது பாதிதான். சீட்டு கிடைத்தவர்களிலேயே ரூஸ்வெல்ட் ஆதரவாளர்கள்தான் அதிகம் என்பது பிறகு எடுத்த கணிப்பில் தெரிந்தது. ஆனால் சிரத்தையாகப் பூர்த்தி செய்து திருப்பி அனுப்பியதில் அவர்மேல் கோபத்தில் இருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள்.

சரி, காலப் வழிதான் சரியா? அவரும் 5 சதவீதப் புள்ளி குறைத்துத்தான் சொன்னார். இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த வருமானம் என்று ஒதுக்கீடு கொடுத்துவிட்டு, ஆளைத் தேர்ந்தெடுப்பதைக் களப்பணியாளரிடமே விடும் முறை அது. 1948 அதிபர் தேர்தலில் அந்த முறை, தேர்தலுக்குச் சில வாரம் முன்பே கணிப்பை நிறுத்தியதோடு சேர்ந்து காலை வாரியது. டியூயி ஜெயிப்பார் என்றார்கள். ட்ரூமன் 4 புள்ளிக்கு மேல் முந்தி ஜெயித்தார். அப்புறம்தான் குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கும் முறை வேரூன்றியது.

இன்றைய போட்டி வேறு இருவருக்கு இடையில். நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் சியனா கல்வி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கணிப்பு, வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களைத் தேர்ந்து போன் செய்கிறது. யூகவ் என்ற கணிப்பு நிறுவனம், தாமாக வந்து சேர்ந்தவர்களை இணையத்தில் கேட்கிறது. இணையம் மலிவு, வேகம். போனை யாரும் எடுப்பதில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் போனில் கேட்டபோது 1997-ல் 36% பேர் பதில் தந்தார்கள், 2018-ல் 6% பேர்தான். 2020 அதிபர் தேர்தலில் தேசிய அளவில் 40 வருஷத்தில் காணாத பிழை வந்தபோது, போன், இணையம் இரண்டுமே பைடனைத் தூக்கிக் காட்டின. டைஜஸ்ட்டின் நோய்தான்: பதில் சொல்லாதவர் வேறு மாதிரி வாக்களிக்கிறார்.

ஆனாலும் என் ஓட்டு வாக்காளர் பட்டியலுக்கே. அதில் போனை எடுக்காதவரின் வயதும் ஊரும், முன்பு எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்பதும், பல மாநிலங்களில் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறார் என்பதும்கூட இருக்கிறது. வராதவர் யார் என்று ஓரளவாவது தெரிந்தால்தான், அவரைப் போன்றவர்களின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சரிசெய்ய முடியும். தாமாக வந்தவர்களின் கூட்டத்தில், வராதவரைப் பற்றி அப்படி ஒரு வரிகூடக் கையில் இருக்காது.