எல்லையற்ற, வரம்பற்ற, அளவில்லாத: எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

மொரீசியஸில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். கைப்பேசி விளம்பரத்தில் 'இல்லிமித்தே' என்று பிரெஞ்சில் பார்த்துவிட்டு, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். எல்லையற்ற, வரம்பற்ற, முடிவற்ற, அளவற்ற என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நான் முதல் சொல்லாக எடுத்துக்கொண்டது 'அளவில்லாத'.

முடிவற்ற என்பது பெரும்பாலும் காலத்துக்கு. கணக்குப் பாடத்தில் அதுவே முடிவிலி. எல்லையற்ற என்றால் வானம், கடல், பரம்பொருள். எழுத்தில் கம்பீரம், பேச்சில் அபூர்வம்.

விளம்பரத்துக்கு நேரான சொல் வரம்பற்றதான், மறுக்கவில்லை. ஆனால் வரம்பு என்பது நெல்வயலின் வரப்பு. கரும்புத் தோட்டம் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதை எங்கே காட்டுவது? தவிர, "வரம்பு மீறாதே" என்ற கண்டிப்பு அதில் ஒட்டியிருக்கிறது. 'வரம்பற்ற அதிகாரம்' பொருந்துகிறது. தாயின் அன்பை வரம்பற்றது என்றால் காதுக்கு ஏதோ இடறுகிறது.

என் தேர்வைத் தீர்மானித்தது ஒன்றே: கற்ற சொல் அன்றாடப் பேச்சில் பிழைத்திருக்க வேண்டும். அளவு அடுக்களையிலும் உண்டு, தையற்கடையிலும் உண்டு. 'இல்லை' தெரிந்த பிள்ளை 'அளவில்லாத' என்பதைத் தானே கட்டிவிடும். "மிளகாய்த்தூளை அளவில்லாமல் போட்டுட்டாங்க" என்று குறையும் சொல்லலாம், "அளவில்லாத சந்தோஷம்" என்று நெகிழவும் செய்யலாம். "எல்லையில்லாமல் சாப்பிட்டான்" என்று யாராவது சொல்வார்களா? 'அற்ற' சேர்ந்தால் சொல் எழுத்து நடைக்கு ஏறிவிடுகிறது. தமிழ் முஸ்லிம்கள் இறைவனை 'அளவற்ற அருளாளன்' என்பது அந்த உயர்ந்த தொனியில்தான். அதைப் பிறகு கற்கலாம்.

அளவு என்பது சமையலுக்கும் சட்டைக்கும் உரிய சிறிய சொல், இறைவனுக்குப் போதுமா என்று பெரியவர்கள் சிலர் தயங்குவதுண்டு. சிவபுராணத்தில் மணிவாசகர் 'எல்லை இலாதானே' என்கிறார். அதே பாட்டில் 'ஆக்கம் அளவிறுதி இல்லாய்' என்கிறார், 'அளவிலாப் பெம்மானே' என்றும் உருகுகிறார். எல்லை ஒரு முறை, அளவு இரு முறை. பிள்ளைகள் பொருள் தெரியாமல் பாடிவந்த வரிகள் அவை. இப்போது 'அளவிலா' வரும்போது அடையாளம் கண்டு நிமிர்கிறார்கள்.

ஒப்பந்தம், சட்டம் போன்றவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே வரம்பற்ற, வரையறையற்ற என்பவையே பொருத்தம் என்று நினைக்கிறேன்.